மீ.பொ.கா. தவறாக வருகிறதா? விடையை அழிக்காமல் திருத்தும் வழி

மூன்று நான்கு எண்களுக்கு மீப்பெரு பொதுக் காரணி (மீ.பொ.கா.), அதாவது எல்லாவற்றையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண், கண்டுபிடிக்கும் முறை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியும். பிசகு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குத் தெரிவதில்லை. விடைப் பக்கத்தில் வேறு எண்ணைப் பார்த்ததும் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். பிறகு அதே கணக்கை அதே பிழையோடு மறுபடியும் போடுகிறார்கள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளையும், ஒரே மேசையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழிகாட்டியையும் கேரள பி.எஸ்.சி. வழிகாட்டியையும் விரித்து வைத்துக்கொண்டு படிக்கும் அண்ணன், அக்காமார்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லையின் எந்தப் பக்கம் தேர்வு எழுதினாலும் இந்தக் கணக்கு உங்களை விடாது. ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: தவறான விடையை அழிக்காதீர்கள். அந்த விடையிலிருந்தே சரியான விடைக்குப் போக முடியும். எவ்வளவு தவறான எண்ணாக இருந்தாலும் முடியும்.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும்.

ஒரு தோட்டத்தில் தேங்காயைப் பொறுக்கித் தரம் பிரித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறியது 84, நடுத்தரம் 126, பெரியது 210. தரம் கலக்காமல், எல்லா மூட்டையிலும் ஒரே எண்ணிக்கை இருக்கும்படி, ஒரு காயும் மிஞ்சாமல் கட்ட வேண்டும். ஒரு மூட்டையில் அதிகபட்சம் எத்தனை காய் போடலாம்? விடை 42.

முதல் சோதனை: 42 மூன்று எண்களையும் மீதியின்றி வகுக்கிறதா? வகுக்கிறது. ஈவுகள் 2, 3, 5.

இரண்டாம் சோதனை: அந்த ஈவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1-ஐத் தவிர வேறு காரணி இருக்கிறதா? 2, 3, 5-க்கு இல்லை. ஆகவே 42-ஐவிடப் பெரிய பொதுக் காரணி கிடையாது.

முதல் சோதனையில் தோற்றால் விடையில் தேவையில்லாத ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் தோற்றால் சேர வேண்டியது விடுபட்டிருக்கிறது. இரண்டிலும் தேறினால், நீங்கள் எடுத்துக்கொண்ட எண்களுக்கு அந்த விடை சரி. அதில் ஐயமே வேண்டாம். அதன் பிறகும் விடைப் பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வியைத்தான் திரும்பப் படிக்க வேண்டும். இனி, கண்ணில் படும் அறிகுறியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அறிகுறி: விடை, கொடுத்த எண்களில் சிறியதைவிடப் பெரிதாக இருக்கிறது

84, 126, 210-க்கு 1260 என்று எழுதியிருந்தால், வகுத்தலிலும் பெருக்கலிலும் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1260 என்பது இந்த எண்களின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.), அதாவது இவை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண். கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், வேறொரு கேள்விக்கு. ஓர் எண்ணின் காரணி அந்த எண்ணைத் தாண்டாது என்பதால், பொதுக் காரணி எப்போதும் சிறிய எண்ணுக்குள் அடங்க வேண்டும். பொது மடங்கு பெரிய எண்ணுக்குக் குறையக் கூடாது. இந்த ஒரு பார்வையிலேயே பிழை தெரிந்துவிடும்.

தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு மலையாளவழிக்கு மாறும் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறேன். மீ.பொ.கா., மீ.பொ.ம. என்று பழகிய நோட்டில் திடீரென்று உ.சா.க., ல.சா.கு. என்ற சுருக்கங்கள் வந்து நிற்கின்றன. நோட்டின் உள் அட்டையில் ‘12, 18: மீ.பொ.கா. (உ.சா.க.) 6, மீ.பொ.ம. (ல.சா.கு.) 36’ என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும், குழப்பம் தீரும்.

வாக்கியக் கணக்கில் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் திணறுபவர்களும் உண்டு. ‘பொள்ளாச்சி பஸ் 20 நிமிடத்துக்கு ஒன்று, பாலக்காடு பஸ் 30 நிமிடத்துக்கு ஒன்று, கோயம்புத்தூர் பஸ் 45 நிமிடத்துக்கு ஒன்று, மூன்றும் இப்போது ஒன்றாகக் கிளம்பினால் அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும்?’ என்று கேட்டால், விடை 45 நிமிடத்துக்குள் இருக்க வாய்ப்பே இல்லை. அது பொது மடங்கு, 180 நிமிடம். இருப்பதை வெட்டவோ கட்டவோ பங்கிடவோ சொன்னால் பொதுக் காரணி. திரும்பத் திரும்ப நடப்பவை எப்போது சேரும் என்று கேட்டால் பொது மடங்கு. ‘மிகப் பெரிய’, ‘மிகச் சிறிய’ என்ற சொற்களை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நடக்கும் வேலை என்ன என்று பாருங்கள்.

அறிகுறி: விடை ஏதோ ஒரு எண்ணை மட்டும் வகுக்க மறுக்கிறது

48, 72, 108 என்ற எண்களை எடுத்துக்கொள்வோம். ஏணிபோலக் கீழிறங்கி வகுக்கும் முறையில் முதலில் 2-ஆல் வகுத்தால் 24, 36, 54. மறுபடி 2-ஆல் வகுத்தால் 12, 18, 27. அடுத்து 3-ஆல் வகுத்தால் 4, 6, 9. இங்கே நிறுத்த வேண்டும். ஆனால் கை நிற்காது. 4-ஐயும் 6-ஐயும் 2 வகுக்கிறதே என்று இன்னொரு படி இறங்கி, 9-ஐ அப்படியே கீழே எழுதி, 2 × 2 × 3 × 2 = 24 என்று முடிப்பார்கள்.

அப்படி ஒரு எண்ணை வகுக்காமல் கீழே இறக்குவது மீ.பொ.ம. கணக்கில் வந்த பழக்கம். அங்கே அது சரி. மீ.பொ.கா.வுக்கு ஏணி போடும்போது ஒரு வரியில் இருக்கும் எல்லா எண்களும் வகுபட வேண்டும்; ஒன்று மறுத்தாலும் அந்தப் பகா எண்ணை விட்டுவிட வேண்டும்.

சோதனையில் 24 எப்படி மாட்டிக்கொள்கிறது பாருங்கள். 48-ஐ வகுக்கிறது, 72-ஐ வகுக்கிறது, 108-ஐ வகுத்தால் மீதி 12. இனி அழிக்காமல் திருத்த வேண்டும். தவறிய விடைக்கும் மறுத்த எண்ணுக்கும், அதாவது 24-க்கும் 108-க்கும் மட்டும், மீ.பொ.கா. காணுங்கள். 12. சரியான விடை அதுதான். பழைய விடையில் ஒட்டியிருந்த அதிகப்படியான 2 உதிர்ந்துவிட்டது.

பகாக் காரணிகளாகப் பிரிக்கும் முறையில் இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். 48 = 2⁴ × 3, 72 = 2³ × 3², 108 = 2² × 3³. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இருப்பதிலேயே சிறிய அடுக்கை எடுக்க வேண்டும்: 2² × 3 = 12. 2-க்குச் சிறிய அடுக்கையும் 3-க்குப் பெரிய அடுக்கையும் எடுத்தவருக்கு 4 × 27 = 108 வரும். அது 48-ஐயும் வகுக்காது, 72-ஐயும் வகுக்காது. பரவாயில்லை. 108-க்கும் 48-க்கும் மீ.பொ.கா. 12, அந்த 12 மற்ற இரண்டையும் வகுக்கிறதா என்று பார்த்தால் வகுக்கிறது. வகுக்காமல் போயிருந்தால் அந்த எண்ணோடு சேர்த்து இன்னொரு முறை மீ.பொ.கா. கண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: எல்லாவற்றையும் வகுக்கிறது, ஆனால் விடைப் பக்கத்தில் இதைவிடப் பெரிய எண் இருக்கிறது

முன்னதைவிட இதைத் திருத்துவது எளிது, கண்டுபிடிப்பதுதான் கடினம். முதல் சோதனையைப் போட்டுப் பார்த்து, எல்லாம் வகுபடுகிறது என்ற மகிழ்ச்சியில் இரண்டாம் சோதனையை விட்டுவிடுகிறார்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

48, 72, 108-க்கு 6 என்று விடை வந்திருந்தால் ஈவுகள் 8, 12, 18. மூன்றும் இரட்டைப்படை. ஆகவே 6-ஐ 2-ஆல் பெருக்குங்கள்: 12. புதிய ஈவுகள் 4, 6, 9. இவற்றில் 4-க்கும் 6-க்கும் 2 பொது, 6-க்கும் 9-க்கும் 3 பொது. மூன்றுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. முடிந்தது.

தொல்லை தருபவை கண்ணுக்குப் பகா எண்போலத் தெரியும் பகு எண்கள். 51, 57, 87 ஆகியவற்றைப் பார்த்ததும் பகா எண் என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம். மூன்றும் 3-ஆல் வகுபடும், இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும். 91 என்பது 7 × 13. 119 என்பது 7 × 17. 133 என்பது 7 × 19. 143 என்பது 11 × 13. 221 என்பது 13 × 17. இவற்றை வாய்ப்பாடுபோல மனப்பாடம் செய்வதில் தவறே இல்லை என்று நான் நினைக்கிறேன். புரிந்து படிப்பதும் மனப்பாடமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இப்போது 102, 153, 238 என்று கொடுத்திருக்கிறார்கள். 153 ஒற்றைப்படை என்பதால் 2 போயிற்று. 238-இன் இலக்கங்களைக் கூட்டினால் 13, ஆகவே 3 போயிற்று. 5 இல்லை. 102 என்பது 7-ஆல் வகுபடாது. இவ்வளவு தூரம் வந்ததும் பொறுமை இழந்து ‘மீ.பொ.கா. 1’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். கழித்துப் பாருங்கள்: 153 − 102 = 51.

ஏன் கழிக்கிறோம்? 102 காயையும் 153 காயையும் ஒரே அளவு மூட்டைகளாக மிச்சமின்றிக் கட்ட முடியும் என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் முழு மூட்டைகளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே பொதுக் காரணி எதுவாக இருந்தாலும் அது 51-ஐயும் வகுத்தாக வேண்டும். 51-இன் காரணிகள் 1, 3, 17, 51 மட்டுமே. தேட வேண்டிய இடம் நான்கு எண்களாகச் சுருங்கிவிட்டது. 238-க்கு 3 ஆகாது என்று முன்பே பார்த்தோம். ஆகவே 51-ம் ஆகாது. 17 × 14 = 238. விடை 17. ஈவுகள் 6, 9, 14; மூன்றுக்கும் பொதுக் காரணி 1 மட்டுமே.

2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்த்துக் களைத்துப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கழித்தலைக் காட்ட வேண்டும். இதைப் பாடத்தின் கடைசியில் ஒரு குறிப்பாக வைக்காமல் முதலிலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்பதே என் விருப்பம்.

அறிகுறி: 1 என்று வருகிறது, நம்ப முடியவில்லை

35, 55, 77. முதல் இரண்டுக்கும் 5 பொது. அடுத்த இரண்டுக்கும் 11 பொது. முதலுக்கும் கடைசிக்கும் 7 பொது. இத்தனை பொதுக் காரணி இருக்கும்போது மீ.பொ.கா. எப்படி 1 ஆகும் என்று மனம் ஒப்பாது. சிலர் 5, 7, 11-இல் சிறியது என்று 5 எழுதுவார்கள். 77-ஐ 5 வகுக்காது. சிலர் பெரியது என்று 11 எழுதுவார்கள். 35-ஐ 11 வகுக்காது. விடை 1-தான். இருவர் இருவராகப் பொதுவாக இருப்பது எல்லாருக்கும் பொது ஆகிவிடாது.

இணை இணையாகக் கணக்கிடும் முறையே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் இரண்டுக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, அதற்கும் மூன்றாம் எண்ணுக்கும் மீ.பொ.கா. காண வேண்டும், அதற்கும் நான்காம் எண்ணுக்கும், இப்படியே போக வேண்டும். 35, 55-க்கு 5. 5, 77-க்கு 1. எந்த வரிசையில் எடுத்தாலும் முடிவு மாறாது. மாறினால் எங்கோ ஒரு வகுத்தல் பிழை.

இதே எண்களை வைத்து இன்னொரு பழக்கத்தையும் விட்டொழிக்கலாம். ‘மீ.பொ.கா. × மீ.பொ.ம. = எண்களின் பெருக்கற்பலன்’ என்ற விதி இரண்டு எண்களுக்கு மட்டுமே எப்போதும் பொருந்தும். 35 × 55 × 77 = 1,48,225. இவற்றின் மீ.பொ.ம. 385. பெருக்கற்பலனை 385-ஆல் வகுத்து 385 என்று மீ.பொ.கா. எழுதுபவர், சிறிய எண்ணான 35-ஐ ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

பட்டியலில் 0 இருந்தால் பயப்பட வேண்டாம். 0-ஐ, 0 அல்லாத எல்லா எண்ணும் வகுக்கும். அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குக் கணக்கிடுங்கள்.

அறிகுறி: வகுத்துக்கொண்டே போகிறேன், முடியவில்லை, முடிந்தாலும் எதை எழுதுவது என்று தெரியவில்லை

பெரிய எண்களுக்குப் பகாக் காரணி தேடுவது நேரத்தைத் தின்னும். 1271, 1147, 713 ஆகிய மூன்றும் 2 முதல் 19 வரை எந்தப் பகா எண்ணுக்கும் வசப்படாது. இங்கே தொடர்ந்து வகுக்கும் முறைதான் கைகொடுக்கும். பெரியதைச் சிறியதால் வகுத்து, பிறகு வகுத்தியை மீதியால் வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

1271 = 1147 × 1 + 124
1147 = 124 × 9 + 31
124 = 31 × 4 + 0

எதை எழுதுவது? மீதியை 0 ஆக்கிய வகுத்தியை, அதாவது 31-ஐ. கடைசி ஈவான 4-ஐ எழுதுவது ஒரு பிழை, கடைசி மீதியான 0-ஐ எழுதுவது இன்னொரு பிழை. விடை 0 என்று வந்தால் அதனால் எதையும் வகுக்க முடியாது என்பது அப்போதே உறைக்க வேண்டும். பிறகு மூன்றாம் எண்: 713 = 31 × 23. ஆகவே மூன்றுக்கும் மீ.பொ.கா. 31; ஈவுகள் 41, 37, 23.

கணக்கு நீண்டுகொண்டே போனால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மீதி, வகுத்தியைவிடச் சிறியதாக இருக்கிறதா? இல்லையென்றால் ஈவைக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். அடுத்த படிக்கு மீதியை எடுத்துச் சென்றீர்களா, அல்லது தவறி ஈவை எடுத்துச் சென்றீர்களா? பிரெஞ்சுக் கணித அறிஞர் லாமே 1844-இல் நிறுவிய ஒரு வரம்பு இங்கே அளவுகோலாகும்: சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ, அதன் ஐந்து மடங்கைப் படிகளின் எண்ணிக்கை தாண்டாது. 89, 55 என்று எடுத்தால் ஈவு ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் 1 ஆகவே வந்து கணக்கு மெதுவாக நகரும். அப்படியும் 9 படிகளில் முடிந்துவிடும். ஈரிலக்க எண்ணுக்கு 10 படிகளைத் தாண்டினீர்கள் என்றால் நடுவில் ஒரு பிழை இருப்பது உறுதி.

இந்த முறை கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட்டின் பெயரால் அறியப்படுகிறது. ஆரியபடர் கி.பி. 499-இல் தந்த குட்டகம் என்ற கணக்கு முறையும் இதே தொடர் வகுத்தலின் மேல்தான் நிற்கிறது. ஆரியபடரின் நூலுக்கு உரை எழுதிய பரமேசுவரர் பதினைந்தாம் நூற்றாண்டில் நிளைக் கரையில் வாழ்ந்தவர். நிளை என்பது பாரதப்புழை, நம் சித்தூர்ப்புழையின் தண்ணீர் போய்ச் சேரும் ஆறு. சித்தூர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு எங்கிருந்தோ வந்து தங்கள் தலையில் விழுந்தது என்ற நினைப்பு அவர்களுக்கு வேண்டியதில்லை.

அறிகுறி: சோதனை இரண்டிலும் தேறுகிறது, ஆனாலும் விடை தவறு என்கிறார்கள்

இப்போது கணக்கை விட்டுவிட்டுக் கேள்விக்குத் திரும்புங்கள்.

கயிற்றுக் கணக்கு ஒன்று. 2.52 மீட்டர், 3.36 மீட்டர், 4.2 மீட்டர் நீளமுள்ள மூன்று கயிறுகளை மிச்சமின்றிச் சம நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். துண்டின் மிக அதிக நீளம் என்ன? புள்ளியை எடுத்துவிட்டு 252, 336, 42 என்று எழுதினால் விடை 42. சோதனை போட்டால் ஈவுகள் 6, 8, 1. எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் 4.2 மீட்டர் என்பது 420 சென்டிமீட்டர். 252, 336, 420-க்கு மீ.பொ.கா. 84. 84 சென்டிமீட்டரில் 3, 4, 5 என்று மொத்தம் 12 துண்டுகள். எந்தக் கணக்கானாலும் முதலில் எல்லா அளவையும் ஒரே அலகில், முழு எண்ணாக எழுதிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

எக்செலில் மீ.பொ.கா. காணும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு. அது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். 2.52, 3.36, 4.2 என்று கொடுத்தால் 2, 3, 4 என்றே எடுத்துக்கொண்டு 1 என்று காட்டும், எச்சரிக்கை எதுவும் தராமல்.

மீதி பற்றிய கேள்விகள் இன்னொரு வகை. ‘127, 187, 247-ஐ வகுத்தால் ஒவ்வொன்றிலும் மீதி 7 தரும் மிகப் பெரிய எண்’ என்றால் முதலில் 7-ஐக் கழிக்க வேண்டும்: 120, 180, 240. விடை 60. மூன்று எண்களுக்கும் வெவ்வேறு மீதி சொல்லியிருந்தால் அதனதன் மீதியை அதனதனிலிருந்து கழியுங்கள். கடைசியில், கிடைத்த எண் சொல்லப்பட்ட மீதிகளைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிதாக இல்லாவிட்டால் அப்படி ஓர் எண்ணே கிடையாது.

மீதி எவ்வளவு என்று சொல்லாமல், ‘95, 143, 227-ஐ வகுத்தால் ஒரே மீதி தரும் மிகப் பெரிய எண்’ என்று கேட்டால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கொடுத்த எண்களுக்கு நேராக மீ.பொ.கா. கண்டால் 1 வரும். கழிக்க மீதி தெரியாது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், எவ்வளவு என்று தெரியாத அந்த மீதி தானாகவே போய்விடும்: 143 − 95 = 48, 227 − 143 = 84, 227 − 95 = 132. இந்த மூன்றுக்கும் மீ.பொ.கா. 12. உண்மையில் முதல் இரண்டு வேறுபாடுகளே போதும். மூன்றாவது அவற்றின் கூட்டுத்தொகை. சரிபார்க்க, கொடுத்த மூன்று எண்களையும் 12-ஆல் வகுத்துப் பாருங்கள். 95 = 12 × 7 + 11, 143 = 12 × 11 + 11, 227 = 12 × 18 + 11. மீதி மூன்றிலும் 11.